உறை இல்லாத கடிதம்

எங்கள் வாரப் பத்திரிகையில் 'அக்கா பதில்கள்' என்று ஒரு பக்கம் வந்துகொண்டிருந்தது. கடைசிக்கு முந்தின பக்கம். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பத்திரிகையைப் பின்னாலிருந்துதான் புரட்டுகிறார்கள் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். வீட்டில் சிக்கல், மனதில் குழப்பம், வெளியே சொல்ல வாய் வராத சங்கடம், எதுவானாலும் அக்காவுக்கு எழுதிப் போட்டால் பதில் வரும். முதல் ஏழு வருடம் அந்தப் பதில்களை எழுதிய அக்காவுக்குப் பெரிய மீசை இருந்தது. உதவி ஆசிரியர் அவர். ஒரு கையில் சிகரெட்டும் மறு கையில் பேனாவுமாக உட்கார்ந்து, 'கண்ணீரைத் துடைத்துக்கொள் தங்கையே' என்று எழுதித் தள்ளுவார். ஒரு நாள் ஆசிரியரோடு சண்டை போட்டுக்கொண்டு வேறு பத்திரிகைக்குப் போய்விட்டார்.

பத்திரிகையை ஆரம்பித்த முதலாளியை நாங்கள் பெரியவர் என்று கூப்பிடுவோம். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை திருத்திக்கொண்டிருந்த இருபத்தேழு வயதுப் பெண்ணைக் காட்டி, "இந்த வாரம் மட்டும் நீ எழுதும்மா" என்றார். அந்த 'இந்த வாரம்' முப்பது வருடம் நீடித்தது. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர் பெயர் எதற்கு? பெரியவர் உட்பட எல்லோருக்கும் அவர் அக்காதான். பெரியவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது.

நான் பக்கம் கட்டுகிறவன். எந்தப் பத்தி எங்கே, எந்தப் படம் எத்தனை அங்குலம் என்பதெல்லாம் என் வேலை. ஆரம்பத்தில் கத்தரிக்கோலும் பசையும், பிறகு கம்ப்யூட்டர். என் மேஜைக்கு நேர் எதிரே அக்காவின் மேஜை. அதன்மேல் மூன்று தட்டுகள் இருக்கும். படிக்காத கடிதங்களுக்கு ஒன்று, பதில் எழுதவேண்டியவற்றுக்கு ஒன்று. மூன்றாவது தட்டில், 'தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம்' என்று கேட்டுக்கொண்ட கடிதங்கள். இந்த மூன்றாவது தட்டுக்கு அக்கா வீட்டில் உட்கார்ந்து தனியாகப் பதில் எழுதித் தபாலில் போடுவார். பத்திரிகை அதைச் செய்யச் சொல்லவில்லை.

அவருடைய கணவர் ரேடியோ பழுது பார்ப்பவர். ஊரிலுள்ள ரேடியோவெல்லாம் நின்றாலும் அவர் பேச்சு நிற்காது. காலையில் பல் துலக்கும்போது ஆரம்பித்தால் தூங்கும்வரை ஓடும். "காதுல பஞ்சு வெச்சுக்கிட்டேன், அதைப் பாத்துட்டு, பஞ்சு எப்படித் தயாரிக்கறாங்கன்னு அரை மணி நேரம் சொன்னாரு" என்பார் அக்கா. எழுதும்போது மட்டும் அவரைப் பக்கத்து அறைக்கு விரட்டிவிடுவார். அவர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசுவார்.

இப்போது என் கைவரிசைக்கு வருகிறேன். எந்தப் பத்திரிகைக்காரனும் வெளியில் சொல்லாத விஷயம் இது. கடிதம் வராத வாரங்களும் உண்டு. தொடர் மழையென்றால் தபால் வராது. வந்தாலும், போன வாரம் பதில் சொன்ன மாமியார் சண்டையே இந்த வாரமும் ஆறு கவரில் வந்து நிற்கும். அப்போது ஆசிரியர் என்னைப் பார்த்து, "சரக்கு இல்லப்பா, ரெண்டு எழுதிக் குடு" என்பார். வாசகர் கடிதத்தை நாங்களே எழுதிக்கொள்வோம். தட்டச்சு செய்கிற பெண்களுக்கு என் கையெழுத்து தெரியும். அவர்களுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரிதான். அதனால் இடது கையால் எழுதுவேன். பல வருடப் பழக்கத்தில் என் இடது கை, கல்லூரிப் பெண்ணாகவும் ஓய்வுபெற்ற கணக்கராகவும் மாறி மாறி எழுதும். ஆசிரியர் இலாகாவில் என்னை 'இடக்கை' என்றே கூப்பிடுவார்கள். எனக்கு அதில் பெருமை வேறு.

அக்காவுக்குப் பொய்க்கடிதம் பிடிக்காது. ஆனால் பக்கத்தைக் காலியாக விடவும் முடியாது. ஆகவே எங்களுக்குள் ஒரு ஏற்பாடு, யாரும் உட்கார்ந்து பேசாமலே உண்டானது. நிஜக் கடிதத்தின் பின்னால் அது வந்த உறையைக் குண்டூசியால் குத்தியிருப்பார்கள். என் கடிதத்துக்கு உறை கிடையாது. உறை இருந்தால் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு பதிலை மூன்று தடவை எழுதிக் கிழிப்பார். உறை இல்லையென்றால் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு வேடிக்கையாக எழுதுவார். அதில் என்னையும் இரண்டு குத்து குத்துவார். பெரியவர் இருந்தவரை இது ஒரு தடவைகூடத் தவறவில்லை.

பெரியவர் போனதும் அவருடைய மகன்கள் மூன்று பேரும் பத்திரிகையை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கடைசியில் விற்றுவிட்டார்கள். வாங்கியவருக்கு முப்பது பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன. அவரை நாங்கள் பஸ் முதலாளி என்போம். கெட்டவர் இல்லை. முதல் நாளே எல்லோரையும் கூப்பிட்டு, "பத்திரிகையும் வண்டிதாம்பா. ஒரு சீட்டுகூடக் காலியா ஓட்டக் கூடாது" என்றார். அச்சகத்தில் எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பார்த்தார். பிறகு, தினமும் வந்து குவிகிற கடிதங்களைப் பார்த்தார்.

"இத்தனை பேர் அவங்களாவே முகவரி எழுதி அனுப்பறாங்க. அதைக் குண்டூசி குத்தி மூலையில போடறீங்களே, உங்களுக்கெல்லாம் மூளை இருக்கா?"

மாடியில் முகவரிப் பிரிவு என்று ஒன்று முளைத்தது. மூன்று பேர் உட்கார்ந்து உறைகளிலிருந்து முகவரிகளை எடுத்துப் பட்டியல் போட்டார்கள். அந்த முகவரிகளுக்குச் சந்தாப் படிவமும் பேருந்து அட்டவணையும் போயின. வேலை முடிந்த உறைகள் சனிக்கிழமை தோறும் பழைய காகிதக் கடைக்குப் போய்விடும். கடிதம் மட்டும் கீழே இறங்கிவரும். இந்த ஏற்பாடு ஒரு திங்கட்கிழமை ஆரம்பமானது. மாடிப்படிப் பக்கம் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அக்கா மாடிக்கே போகமாட்டார். அவரிடம் நேரில் சொல்லவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அறிவிப்பை நான் படித்திருந்தேன். அது எங்கள் குண்டூசியைப் பற்றியது என்பது என் மண்டையில் ஏறவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை. வியாழன் என்றால் பக்கம் முடிக்கிற நாள், தலைக்கு மேல் வேலை. அட்டைப்படத்தில் நடிகையின் முகம் மஞ்சள் காமாலை வந்ததுபோல அச்சாகியிருந்தது. நான் குனிந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எதிர் மேஜைத் தட்டில் ஒரு மாதத்துக்குப் போதுமான பழைய கடிதங்கள் உறையோடு கிடந்தன; அக்கா அவற்றுக்கு மேலே புதிதாக வந்திருந்த ஒரு கடிதத்தைப் படித்தார். அந்தக் கடிதம் எனக்கு இன்றும் மனப்பாடம்.

'என் கணவர் என்னிடம் பேசிப் பதினொரு மாதம் ஆகிறது. சண்டை எதுவும் இல்லை. ஒரு நாள் பேச்சை நிறுத்தினார். வேண்டியதைச் சிலேட்டில் எழுதிச் சமையலறை வாசலில் வைத்துவிடுவார். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. பகலில் நான் சுவர்க் கடிகாரத்திடம் பேசுகிறேன். என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாமா? சொல்லுங்கள் அக்கா. இப்படிக்கு, ஒரு வாசகி.'

அக்கா கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். உறை இல்லை.

"தம்பி, சிலேட்டு, கடிகாரமெல்லாம் வருது. இது உங்க கைவரிசைதானே?"

நான் தலையைத் தூக்கவில்லை. "ம்" என்றேன்.

"பலே ஆளுதான். இருங்க, உங்களுக்கு ஒரு பதில் வெக்கறேன்."

அவர் சிரித்துக்கொண்டே எழுதிய பதில் இது. 'அதிர்ஷ்டசாலி அம்மா நீங்கள்! பேச்சை நிறுத்தத் தெரியாத கணவரோடு குடும்பம் நடத்துகிறவர்களைக் கேட்டால் உங்கள் அருமை தெரியும். அண்ணன் வீட்டுக்கெல்லாம் போகவேண்டாம், அங்கே எல்லோரும் பேசுவார்கள். உங்களவர் வீட்டில் எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டால் கழுத்தில் ஒரு மணி கட்டிவிடுங்கள். கடிகாரத்திடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள், அது மணிக்கொரு தடவை அடிக்கும்.'

பக்கத்தைக் கட்டும்போதுதான் கடிதத்தை நான் முழுசாகப் படித்தேன். நான் எழுதியது இல்லை. ஆசிரியரே எழுதிக் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதைவிட, அப்படி வைத்துக்கொண்டேன். எழுந்து நாலு எட்டு வைத்துக் கேட்டிருக்கலாம். அட்டைப்படம் இன்னும் மஞ்சளாகவே இருந்தது.

அந்தப் பதில் சக்கைப்போடு போட்டது. 'மணி கட்டு' என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். பேருந்துகளில் அதைப் படமாக வரைந்து ஒட்டினார்கள். பஸ் முதலாளி கீழே இறங்கிவந்து என் தோளில் தட்டி, "அந்தக் கடிதம் நீதான் எழுதினியாமே! வாரம் ஒண்ணு இந்த மாதிரி எழுதுப்பா" என்றார். நான் உச்சி குளிர்ந்து நின்றேன். இல்லை என்று சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது கடிதம் வந்தது. அதுவும் உறை இல்லாமல்தான். அக்கா உட்காரப் போனவர், நின்றபடியே படித்தார். படித்துவிட்டு என் மேஜைமேல் வைத்தார்.

'அந்த வாரம் பத்திரிகையை அவரே வாங்கிவந்தார். உங்கள் பதிலை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். ஒரு வருடத்தில் அவர் குரலை நான் கேட்டது அதுதான். படித்துவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு மறுபடியும் பேசவில்லை. உங்களுக்கு எழுதியது என் தவறு. அதே வாசகி.'

"இது யாரு எழுதினது?" அக்காவின் குரல் எழும்பவே இல்லை.

"தெரியலக்கா."

"முன்னாடி வந்ததை உங்களுதான்னு கேட்டேனே, 'ம்'னீங்களே."

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். பொய் சொல்லித் தப்பிக்கிற வயது இல்லை. ஆனாலும் சொன்னேன். "கேட்டீங்களா? அட்டைப்பட வேலையில இருந்தேன். காதுல விழலையே அக்கா."

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. நான்தான் கிட்ட வந்து கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, அதுவரை ஏறாத மாடிப்படியில் ஏறினார்.

அன்று திங்கட்கிழமை. போன வாரமே மாடிக்கு வந்திருந்த இந்தக் கடிதத்தின் உறையும் சனிக்கிழமையே பழைய காகிதக் கடைக்குப் போய்விட்டிருந்தது. பட்டியலில் நாலாயிரத்துச் சொச்சம் முகவரிகள். எல்லாம் வீட்டுத் தலைவர் பெயரில். அக்கா அந்தப் பட்டியலை இரண்டு நாள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் எழுதிவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன்.

"எழுதினா வீட்டுக்காரர் கையிலதான் கிடைக்கும். பிரிச்சுப் படிப்பாரு. மறுபடியும் சத்தமா படிச்சுக் காட்டுவாரு. அதுக்கா?"

பத்திரிகையில் வருத்தம் தெரிவிக்கலாம் என்றார் அக்கா. ஆசிரியர் கையைப் பிசைந்தார். "எப்படிம்மா போடறது? நெசக் கடிதம்னு தெரியாம சிரிச்சுட்டேன்னா, அப்ப பொய்க் கடிதமும் போடுவீங்களான்னு கேப்பாங்க. வாராவாரம் வாங்கறவன் ஒருத்தனாவது நம்மள நம்புவானா?" பஸ் முதலாளி வெட்டு ஒன்று துண்டு இரண்டாக மறுத்துவிட்டார். அன்றிலிருந்து உறை இல்லாத கடிதத்தை அக்கா தொடவில்லை. காலையில் வந்ததும் மாடிக்குப் போய், உறைகளை அவரே வாங்கிக் கடிதத்தோடு குத்துவார். மழை வாரங்களில் அக்கா பக்கத்தில் பாதியைச் சோப்பு விளம்பரம் அடைத்தது. என் இடது கைக்கு வேலை போயிற்று.

இன்னொன்றும் மாறியது. அக்கா தன் கணவரை அதன்பிறகு பேசாமல் இரு என்று சொல்லவில்லை. பக்கத்து அறைக்கு விரட்டவும் இல்லை. அவர் பேசப் பேச, இவர் எழுதிக்கொண்டிருப்பார். அவர்கள் வீட்டுக்கு நான் எப்போது போனாலும் அப்படித்தான் பார்த்தேன். இதெல்லாம் எதனால் என்று அந்த மனிதருக்கு அப்போது தெரியாது.

பன்னிரண்டு வருடம் கழித்துப் பஸ் முதலாளியும் பத்திரிகையை விற்றார். இந்தத் தடவை வாங்கியது ஒரு கம்பெனி. பழைய பத்திரிகைகளின் பெயர்களை வாங்கிச் சேர்ப்பதுதான் அவர்கள் தொழில். எங்களோடு சேர்த்து அவர்களிடம் ஒன்பது பத்திரிகைகள் இருந்தன. கண்ணாடிக் கட்டடத்தில் நாலாவது மாடியில் எங்களுக்குப் பாதித் தளம். என் மேஜைக்கு எதிரே அக்காவின் மேஜையைப் போடவைக்க நான் மூன்று மனு கொடுத்தேன். எங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு மேலாளர் வந்தார். தொப்பை விழாத, நிதானமான மனிதர்; கோபமே படமாட்டார். கோபப்படுகிறவரிடம் பேசிப் பார்க்கலாம். இவரிடம் என்ன பேசுவது?

கம்பெனிக்காரர்கள் பழைய இதழ்களையெல்லாம் படமெடுத்து, 'அக்கா பதில்க'ளைச் சின்னச் சின்ன அட்டைகளாக்கிக் கைப்பேசியில் விட்டார்கள். அவற்றில் எது ஓடியது என்று சொல்லவேண்டுமா? கழுத்தில் மணியோடு ஒரு ஆண், கையில் கரண்டியோடு ஒரு பெண், கீழே பதில். லட்சக்கணக்கானவர்கள் அதை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது அக்காவின் கணவருக்கும் வந்தது. அவர் கைப்பேசியைத் தூரப் பிடித்துக்கொண்டு, சமையலறை வாசலில் நின்று, உரக்கப் படித்துக் காட்டிச் சிரித்திருக்கிறார். அக்கா கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாராம்.

மறுநாள் மேலாளரிடம் போனார். துணைக்கு நானும் போனேன்.

"அந்த ஒண்ணை மட்டும் எடுத்துடுங்க சார்."

"மேடம், உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா நம்மகிட்ட இருக்கறதுலயே அதுதான் நல்லா போயிட்டிருக்கு."

"அதை எழுதினவ நான்."

"எழுதினது நீங்க. ஆனா அக்காங்கற பேரும் பதில்களும் கம்பெனியோடது. அதையெல்லாம் சேர்த்துத்தானே வாங்கியிருக்கோம்?" அவர் சிரித்தபடி தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். "நாளைக்கே நீங்க நின்னுட்டாலும் வேற யாராவது அக்காவா எழுதுவாங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடி மீசை வெச்ச ஒருத்தர் எழுதினாராமே?"

அக்கா பாட்டிலைத் தொடாமல் எழுந்தார். இறங்கிவரும்போது மின்தூக்கியில் என்னிடம் சொன்னார்: "உசிரோட இருந்தா அந்த வாசகிக்கும் வந்திருக்கும் தம்பி. ஃபோன் வெச்சிருப்பாள்ல இப்ப?" மாடி மாடியாக எண்கள் குறைந்துகொண்டே வந்தன. நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது வருடம் கம்பெனி கணக்குப் போட்டுப் பார்த்து, இனி அச்சில் வேண்டாம், கைப்பேசியில் மட்டும் போதும் என்று முடிவு செய்தது. கடைசி இதழுக்குத் தேதி குறித்தார்கள். மேலாளர் அக்காவைக் கூப்பிட்டு, கடைசிப் பக்கத்தில் அந்த மணிக் கடிதத்தையும் பதிலையும் பெரிதாகப் போடவேண்டும், கூடவே படம், கீழே அக்கா நாலு வரியில் விடைபெறவேண்டும் என்றார். சண்டை வரும் என்று நான் எதிர்பார்த்தேன். அக்கா சரி என்றார்.

புதன்கிழமை நாலு வரி கொடுத்தார். மேலாளர் பக்கத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை மத்தியானம் அக்கா என் மேஜைக்கு வந்தார். எதிரிலிருந்து கேட்கவில்லை; பக்கத்தில் வந்து நின்றார். கையில் ஒரு தாள்.

"இது எத்தனை அங்குலம் வரும் தம்பி?"

நான் படித்தேன். 'அன்புள்ள வாசகிக்கு. பத்தொன்பது வருடத்துக்கு முன் நீங்கள் எழுதிய கடிதம் மேலே இருக்கிறது. அதன் கீழே இருப்பது பதில் இல்லை. கடிதம் கிடைக்காத வாரங்களில் நாங்களே எழுதிக்கொள்வது உண்டு. உங்களுடையதையும் அப்படி நினைத்துச் சிரித்துவிட்டேன். அருகில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளாதது என் தவறு, வேறு யாருடையதும் இல்லை. அண்ணன் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போங்கள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் இப்போது இல்லாவிட்டால், இது என் வீட்டு முகவரி.' கீழே முகவரி இருந்தது. அதற்குக் கீழே அக்கா என்று போடாமல், அத்தனை வருடத்தில் முதல் தடவையாகத் தன் சொந்தப் பெயரை எழுதியிருந்தார்.

"படம் எத்தனை அங்குலமோ அத்தனைதாங்க்கா வரும்" என்றேன்.

படத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தேன். கடைசி இதழில் வேலையை விட்டுத் துரத்துவார்கள் என்றால் எந்த வேலையை விட்டு? ஆனால் 'வேறு யாருடையதும் இல்லை' என்ற வரியை நானே என் கையால் பக்கத்தில் ஏற்றினேன். பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். அக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பக்கத்தை அச்சுக்கு அனுப்பினேன்.

இதழ் வந்தது. மேலாளர் முதன்முறையாகக் கோபப்பட்டார், ஆனால் மின்னஞ்சலில்தான். வாசகர்கள் சிலர், முப்பது வருடம் எங்களுக்குக் காது குத்தினீர்களா என்று வலைத்தளத்தில் திட்டினார்கள். இரண்டு வாரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. பிறகு அக்காவின் வீட்டுக்குத் தபால் வர ஆரம்பித்தது.

ஒரு மாதம் கழித்து நான் போனேன். மத்தியான வெயில் சன்னல் வழியாக மேஜைமேல் விழுந்துகொண்டிருந்தது. மேஜை நிறைய கடிதங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் உறை, குண்டூசியோடு. நாற்பத்தொன்று இருந்தன.

"வந்துச்சா அக்கா? அவங்க எழுதினாங்களா?"

"படிச்சுப் பாருங்க."

முதல் கடிதத்தை எடுத்தேன். 'அந்த வாசகி நான்தான்.' இரண்டாவதை எடுத்தேன். 'அக்கா, அது என் கடிதம். நான் போகவில்லை, இங்கேயேதான் இருக்கிறேன்.' மூன்றாவது, வேறு ஊர், பென்சிலில்: 'நான் எழுதி மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். நீங்கள் மறக்கவில்லை.' ஒன்றில் சிலேட்டு இல்லை, கதவில் ஒட்டிய காகிதம். இன்னொன்றில் பதினொரு மாதம் இல்லை, ஆறு வருடம். நாற்பத்தொரு ஊர், நாற்பத்தொரு கையெழுத்து. ஒவ்வொருத்தியும் அது தன் கடிதம் என்றே எழுதியிருந்தாள். என் இடது கைக்கு இத்தனை கையெழுத்து வராது.

"இதுல யாருக்கா நெசமா எழுதினது?"

"எனக்கும் தெரியல. எல்லாருக்கும் எழுதிட்டிருக்கேன்" என்றார் அக்கா, பேனாவை மூடாமலே. அக்காவின் கணவர் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் அங்கே இருந்த ஒரு மணி நேரத்தில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஒவ்வொரு கடிதமாக எடுத்து, படித்து, மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வீட்டுக்கு வந்து, வலது கையால், அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அன்றைக்கு நீங்கள் கேட்டது என் காதில் விழுந்தது, 'ம்' என்று உங்களுக்குத்தான் சொன்னேன், பார்க்காமலே சொன்னேன், பிறகு பொய் சொன்னேன் என்று பூசி மெழுகாமல் எழுதினேன். நாலு தெரு தள்ளியிருக்கிற வீடு. நேரில் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உறையில் என் பெயரும் முகவரியும் எழுதித் தபாலில் போட்டேன்.

எட்டாவது நாள் பதில் வந்தது.

'தம்பிக்கு. உங்கள் காதில் விழுந்தது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நீங்களாகச் சொல்வீர்கள் என்று இருந்தேன், இத்தனை வருடம் ஆக்குவீர்கள் என்று நினைக்கவில்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். அது எனக்கு வேண்டாம், உரியவருக்குப் போகட்டும். அவர் இந்த நாற்பத்தொருவரில் ஒருவர், எவர் என்று தெரியாது. ஆகவே நாற்பத்தொரு கடிதம் எழுதிக் கொண்டுவாருங்கள். முகவரியை உங்களிடம் கொடுக்கமாட்டேன், உறைமேல் நான் எழுதிக்கொள்வேன். நகலெடுக்க வேண்டாம். எல்லாம் உங்கள் சொந்தக் கையெழுத்தில் இருக்கட்டும்.'

இதுவரை பதினேழு எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து இவ்வளவு மோசம் என்று எனக்குத் தெரியாது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் மனைவி எதிரில் வந்து உட்கார்ந்து, என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டால், பேனாவை வைத்துவிட்டு, நிமிர்ந்து, பதில் சொல்கிறேன்.